பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!



வவுனியா பஸ் நிலையத்தில் மன்னார் பஸ்ஸில் ஏறுங்கள். ஜன்னலோரமாக இடம் கிடைத்தால் உட்கார்ந்து கொள்ளுங்கள். நெளுக்குளம் கடந்து போகும். பம்பைமடு வரும். நம்மவர்களின் ஊரான சாளம்பைக்குளமும் அந்தப் பக்கம்தான். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் பூவரசங்குளம்.

பெயரிலேயே ஒரு மரமும் ஒரு குளமும் இருக்கின்றன. வன்னியில் ஊர்ப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான். குளத்தைக் கட்டி, மழைநீரைத் தேக்கி, வயல் செய்து வாழ்ந்த மக்கள் வைத்த பெயர்கள். பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரியும். மாலையில் செம்மை படர்ந்து வாடும். அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம்மூர்களில் உண்டா?

இந்த வீதியில்தான் எத்தனை பேர் மூட்டை முடிச்சுகளோடு வந்தார்கள், போனார்கள், மறுபடியும் வந்தார்கள்! மலையகத்திலிருந்து வந்தவர்கள் ஒருபுறம். ஊரை விட்டுப் போய் இருபது ஆண்டுக்குப் பின் திரும்பிய நம்மவர்கள் இன்னொருபுறம். முள்ளிவாய்க்காலில் உயிர் தப்பி, பஸ்களில் ஏற்றி வரப்பட்டவர்கள் மற்றொருபுறம். இவர்களில் எத்தனையோ பெண்கள் துப்பாக்கி பிடித்துச் சண்டைக்குப் போகாமலே தண்டனை அனுபவித்தவர்கள்.

யாரோ எங்கோ செய்த ஒன்றுக்கு, அந்த இடத்தில் இல்லாத ஒருத்தி ஏன் வீடிழக்க வேண்டும்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சம்பவங்களைப் பார்ப்போம். ஒன்று நமது நாட்டில், யாழ்ப்பாண நகரை ஒட்டி நடந்தது. மற்றது பலஸ்தீனில், ஓர் அகதி முகாமின் சந்துக்குள் நடந்தது. இரண்டிலும் இறந்த படைவீரர்கள் பதின்மூன்று பேர். இரண்டிலும் அதன் பிறகு நடந்ததுதான் பெரிய கதை.

திருநெல்வேலியில் ஒரு நள்ளிரவு

1983 ஜூலை 23, சனிக்கிழமை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியில், நள்ளிரவு நெருங்கும் நேரம். ஒரு ஜீப்பும் அதன் பின்னால் ஒரு ட்ரக் வண்டியும் ரோந்து வந்தன. உள்ளே பதினைந்து இராணுவத்தினர். தொலைபேசிக் கம்பிகள் பதிப்பதற்காக வீதியோரம் தோண்டியிருந்த குழி புலிகளுக்கு வசதியாகிப் போயிருந்தது. அதில் கண்ணிவெடியைப் புதைத்து, இருபுறமும் மறைந்து காத்திருந்தார்கள். ஜீப் வந்தது. வெடி வெடித்தது. தொடர்ந்து துப்பாக்கிச் சூடு. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பதின்மூன்று இராணுவத்தினர் மாண்டனர், இருவர்தான் பிழைத்தனர். தாக்கியவர்கள் தரப்பில் செல்லக்கிளி என்பவர் உயிரிழந்தார்.

இது ஏன் நடந்தது என்று கேட்டால், அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. அதே மாதம் 15ஆம் தேதி, மீசாலையில் இராணுவம் சுற்றி வளைத்ததில் புலிகளின் முக்கியஸ்தரான சார்ள்ஸ் அன்ரனி என்ற சீலன் இறந்திருந்தார். அதற்குப் பழி இது. இதற்குப் பழி? அதைத்தான் நாடே பார்த்தது.

இறந்தவர்கள் பெரும்பாலும் இளவயதினர். தென்னிலங்கைக் கிராமங்களில் அவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். மகன் அனுப்பும் சம்பளப் பணத்தை எதிர்பார்த்திருந்த வீடுகள் அவை. அந்தத் தாய்மாரின் கண்ணீரையும் நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. பிள்ளையைப் பறிகொடுத்த வயிற்றுக்குச் சிங்களம், தமிழ், முஸ்லிம் என்ற பேதம் தெரியாது.

ஆனால் அந்தக் கண்ணீரை வைத்து மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் கேள்வி.

கனத்தையில் தொடங்கிய தீ

முதலில் யாழ்ப்பாணத்திலேயே தொடங்கியது. மறுநாள் காலை, ஜூலை 24 அன்று, இராணுவத்தினர் முகாம்களிலிருந்து வெளியே வந்து திருநெல்வேலியிலும் அண்டைப் பகுதிகளிலும் கண்டவர்களைச் சுட்டனர். சுமார் ஐம்பது பொதுமக்கள் இறந்தனர். கண்ணிவெடி வைத்தவர்கள் அந்த நேரத்தில் அங்கே இருக்கவில்லை. வீட்டில் இருந்தவர்களும் வீதியில் நடந்தவர்களும்தான் அகப்பட்டார்கள்.

அன்று மாலை கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் பதின்மூன்று பேரையும் ஒன்றாக அடக்கம் செய்வதாக அரசாங்கம் ஏற்பாடு செய்தது. மாலை ஐந்து மணி என்றார்கள். கூட்டம் திரண்டது. உடல்கள் வந்து சேரவில்லை. நேரம் போகப் போகக் கூட்டமும் பெருகியது, கோபமும் பெருகியது. இரவானதும் பொரளையில் தமிழர் கடைகள் எரிந்தன. அடுத்த நாள் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கொழும்பெங்கும் புகை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க, வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் வந்தார்கள் என்பதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். கோபத்தில் ஓடி வருகிறவன் கையில் இடாப்பு எங்கிருந்து வரும், சகோதரிகளே?

வெலிக்கடைச் சிறையில் பூட்டி வைத்திருந்த தமிழ்க் கைதிகளையும் விட்டு வைக்கவில்லை. ஜூலை 25 அன்று 35 பேர். 27 அன்று 18 பேர். மொத்தம் 53 பேர் சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டனர். கண்டி, பதுளை, பண்டாரவளை, நுவரெலியா என்று தீ மலையேறியது. யாழ்ப்பாணத்துக் கண்ணிவெடியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவும் நேரமில்லாத தோட்டத் தொழிலாளி, கொழுந்து பறித்துக் களைத்த கையோடு லயத்தை விட்டு ஓடினாள்.

அரசாங்கம் ஒப்புக்கொண்ட இறப்புகள் சில நூறு. மற்றவர்களின் மதிப்பீடு 3,000 வரை போகிறது. வீடிழந்தவர்கள் சுமார் ஒன்றரை இலட்சம். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன ஜூலை 28 அன்றுதான் நாட்டு மக்களிடம் பேசினார். அந்தப் பேச்சில் எரிந்த வீட்டுக்காரர்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தை இல்லை.

அந்த நாட்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீட்டு அறைகளில் மறைத்து வைத்துச் சோறு போட்ட சிங்களக் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. வாசலில் வந்து கேட்டவர்களிடம், "இங்கே யாரும் இல்லை" என்று சொல்லிப் பல உயிர்களைக் காத்தவர்களில் பெண்களே அதிகம் இருந்திருப்பார்கள். ஆண்கள் இல்லாத பகல் வேளையில் கதவைத் திறப்பவள் அவள்தானே!

வன்னி கொடுத்த இடம்

ஓடியவர்கள் எங்கே போவார்கள்? கொழும்பில் பாடசாலைகளும் கோவில்களும் இரத்மலானை விமான நிலையத்துக் கொட்டகையும் நிறைந்தன. 'லங்கா கல்யாணி' என்ற கப்பலில் ஏற்றிப் பலரைக் காங்கேசன்துறையில் இறக்கினார்கள். மலையகத்து மக்களில் பலர் வன்னிக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு இது முதல் தடவை அல்ல. 1977 கலவரத்திலேயே ஏராளமான தோட்டத் தொழிலாளர்கள் வவுனியாப் பக்கம் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காணி தேடிக் கொடுத்து, கிணறு வெட்டி, பாலர் பாடசாலை நடத்தியது காந்தியம் என்ற அமைப்பு. கட்டடக் கலைஞரான எஸ்.ஏ. டேவிட் அவர்களும் டாக்டர் இராஜசுந்தரம் அவர்களும் அதன் தூண்கள். இருவரையும் 1983 ஏப்ரலில் கைது செய்தார்கள். அகதிகளுக்கு இடம் கொடுத்த டாக்டர் இராஜசுந்தரம், ஜூலை 27 அன்று வெலிக்கடையில் கொல்லப்பட்ட 18 பேரில் ஒருவர். திருநெல்வேலியில் வெடி வெடித்த இரவில் அவர் எங்கே இருந்தார்? சிறைக் கம்பிக்குப் பின்னால். அவர் எப்படி அதற்குப் பொறுப்பாவார்?

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

வவுனியா மாவட்டத்துக் காடும் குளமும் அந்த மக்களுக்கு இடம் கொடுத்தன. மலைக் குளிரில் பிறந்தவர்கள் வன்னி வெயிலுக்குப் பழகினார்கள். கொழுந்துக் கூடை சுமந்த முதுகு, நாற்று நடக் குனிந்தது. ஆனால் நிம்மதி வந்ததா? போர் வளர்ந்தது. வவுனியா நகருக்குள் போவதற்கும் தங்குவதற்கும் 'பாஸ்' என்ற சீட்டு வேண்டியிருந்த காலம் வந்தது. கடைசியில் 2009இல், செட்டிகுளத்தருகே, மெனிக்பாம் முகாம் முள்கம்பி வேலிக்குள் எழுந்தது. வவுனியா மாவட்ட முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் பேரளவில். அது மூடப்பட்டது 2012 செப்டம்பரில்தான். 1977, 1983, 2009 என்று மூன்று முறை மூட்டை கட்டியவர்களும் அதில் இருந்தார்கள்.

நமக்கும் அதே தீர்ப்பு

சகோதரிகளே, இதைப் படிக்கும்போது உங்கள் மனம் எங்கே போகிறது என்று தெரியும். 1990 அக்டோபர்!

அன்று நம்மை வெளியேற்றியவர்கள் யார்? கூட்டுத் தண்டனைக்கு ஆளாகி, அதன் வலியை நன்றாக அறிந்த ஒரு சமூகத்தின் பெயரால் ஆயுதம் ஏந்தியவர்கள். நம்மவர் சிலர் மேல் அவர்களுக்குச் சந்தேகம். அதற்காக யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவின் சில பகுதிகள் என்று வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களை விரட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தாலிக்கொடியும் காதணியும்கூடக் கழற்றி வாங்கப்பட்ட தாய்மார் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். புத்தளத்து உப்புக் காற்றில் ஓலைக் குடிசையில் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். சாளம்பைக்குளத்து மக்களும் அப்படிப் போனவர்கள்தான். போர் முடிந்த பிறகு அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, காடு வளர்ந்திருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். 1983இல் தமிழர்களுக்குச் சொன்ன நியாயமும் 1990இல் நமக்குச் சொன்ன நியாயமும் ஒன்றேதான். "உங்களில் சிலர் குற்றவாளிகள், ஆகவே நீங்கள் எல்லோரும் குற்றவாளிகள்." மொழி மட்டும்தான் மாறியது.

ஜெனின் முகாமின் சந்து

இப்போது பலஸ்தீனுக்குப் போவோம். மேற்குக் கரையின் வடக்கே ஜெனின் நகரம். அதன் ஓரத்தில் 1953இல் அமைந்த அகதி முகாம். அரைச் சதுர கிலோமீற்றர்கூட இல்லாத இடத்தில் பதினாலாயிரம் பேரளவில் நெருங்கி வாழ்ந்தார்கள். 1948இல் ஹைபாவிலிருந்தும் கர்மல் மலைப் பக்கத்திலிருந்தும் விரட்டப்பட்டவர்களும் அவர்களின் பேரப்பிள்ளைகளும். பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய வீட்டுச் சாவியைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே மக்கள்.

2002 மார்ச் 27. இஸ்ரேலின் நெதன்யா நகரில், யூதர்களின் பஸ்கா பண்டிகை இரவு விருந்தில், ஒரு ஹோட்டலுக்குள் குண்டு வெடித்தது. விருந்துக்கு வந்திருந்த 30 பேர் இறந்தனர். முதியவர்களே அதிகம். இரண்டு நாளில் இஸ்ரேல் இராணுவம் மேற்குக் கரை நகரங்களுக்குள் புகுந்தது. ஏப்ரல் 3இல் ஜெனின் முகாமுக்குள் நுழைந்தது.

முகாமின் சந்துகள் குறுகலானவை. எதிர் வீட்டு ஜன்னலில் நின்று கை நீட்டினால் பாத்திரத்தை வாங்கிக் கொள்ளலாம் என்பது போன்ற நெருக்கம். ஏப்ரல் 9ஆம் தேதி காலை, ஹவாஷீன் என்ற பகுதியில் இஸ்ரேலியப் படைப்பிரிவு ஒன்று பொறியில் சிக்கியது. குண்டுகள் வெடித்தன, சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து சூடு. பதின்மூன்று பேர் இறந்தனர். வீட்டையும் தொழிலையும் விட்டு அழைப்பு வந்ததால் வந்த ரிசர்வ் படையினர் அவர்கள்.

அதன் பிறகு கவச புல்டோசர்கள் முன்னே வந்தன. அதற்கு முன்பே வீடுகளை இடிக்கத் தொடங்கியிருந்தார்கள். இப்போது ஹவாஷீன் பகுதியையே தரைமட்டமாக்கினார்கள். நடக்க முடியாத ஓர் இளைஞரை வீட்டிலிருந்து வெளியே தூக்கிவர அவகாசம் கேட்டு வீட்டுப் பெண்கள் கெஞ்சினார்கள். வீடு அவர்மேல் இடிந்து விழுந்ததை மனித உரிமை அமைப்பினர் பதிவு செய்திருக்கிறார்கள். சண்டை ஓய்ந்தபோது நாலாயிரம் பேருக்கு வீடில்லை. முகாமின் மக்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல்!

அப்போது நமது பத்திரிகைகளிலும் பேச்சுகளிலும் நூற்றுக்கணக்கானோர், ஐந்நூறு பேர் என்று எண்ணிக்கை சொல்லப்பட்டது. பின்னர் சரியாக எண்ணியபோது, இறந்த பலஸ்தீனர்கள் 52 பேர். அவர்களில் 22 பேராவது பொதுமக்கள். இஸ்ரேல் படையினர் மொத்தம் 23 பேர். விசாரணைக்கென ஐ.நா. சபை நியமித்த குழுவை இஸ்ரேல் உள்ளே விடவில்லை, குழு கலைக்கப்பட்டது. உண்மையே போதுமான அளவு கொடுமையாக இருக்கும்போது, அதைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டிச் சொன்னால், உண்மையையும் நம்பாமல் போவதற்கு மற்றவர்களுக்கு நாமே காரணம் கொடுத்தவர்கள் ஆவோம்.

ஐக்கிய அரபு அமீரகத்துச் செம்பிறைச் சங்கத்தின் பணத்தில், ஐ.நா.வின் அகதிகள் நிறுவனம் வீடுகளைத் திரும்பக் கட்டியது. வீதிகளை அகலமாகப் போட்டார்கள். அகலமான வீதியில் இனி டாங்கி சுலபமாக வரும் என்று மக்கள் அஞ்சினார்கள். 2025 ஜனவரியில் அந்த அச்சமும் பலித்தது. இஸ்ரேல் இராணுவம் மறுபடி ஜெனினுக்குள் புகுந்தது. ஜெனினிலும் வடக்குப் பக்கத்து ஏனைய முகாம்களிலுமாகச் சுமார் 40,000 பேர் சில வாரங்களில் வெளியேற்றப்பட்டனர். 1948இல் ஓடிய பாட்டி, 2002இல் ஓடிய மகள், 2025இல் ஓடிய பேத்தி!

தானாக நடந்தது என்பார்கள்

பதுங்கித் தாக்குதல் நடந்தால் எதிர்த்தாக்குதல் வரத்தானே செய்யும் என்று சிலர் சொல்வார்கள். மழை பெய்தால் குளம் நிறைவது போல, இதுவும் இயற்கை என்பது போல! அந்தப் பேச்சை நம்பாதீர்கள்.

திருநெல்வேலியில் வெடித்த கண்ணிவெடி வெள்ளவத்தையில் ஒரு கடையைக்கூட எரிக்கவில்லை. எரித்தவை கைகள். சிறைக் கதவைத் திறந்தவை கைகள். ஜெனின் சந்தில் வெடித்த குண்டு நாலாயிரம் பேரின் வீட்டை இடிக்கவில்லை. இடித்தது புல்டோசர், அதற்குக் கட்டளையிட்டது ஒரு வாய். ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார், சொல்லவில்லை.

அதேபோல, குடிமனைகளுக்கு நடுவே வெடி வைப்பவரும் ஒன்றை அறிவார். தான் போய்விடுவேன், வீட்டுக்காரர்கள் இருப்பார்கள் என்பதை. ஆக்கிரமிப்பை எதிர்க்கும் உரிமை இருக்கலாம். அந்தப் பாரத்தை யார் தலையில் வைக்கிறோம் என்ற கேள்வி அதனால் மறைந்து போய்விடாது. விருந்துண்ண வந்த முதியவர்களைக் கொல்வது எந்த உரிமையிலும் சேராது.

1949இல் உலக நாடுகள் ஜெனீவாவில் கூடி எழுதிய நான்காவது உடன்படிக்கையின் 33ஆம் பிரிவு, தான் செய்யாத குற்றத்துக்காக எவரையும் தண்டிக்கக்கூடாது என்கிறது. கூட்டுத் தண்டனையைத் தடுக்கிறது. அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒருவரின் பாவச் சுமையை இன்னொருவர் மேல் ஏற்றக்கூடாது என்பதை நம் மார்க்கம் அடிப்படையாக வைத்துவிட்டது. போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் தொடக்கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கனி தரும் மரத்தையும் வெட்டாதீர்கள் என்று படைத்தலைவருக்குச் சொல்லி அனுப்பினார்கள் கலீபா அபூபக்கர் (ரழி) அவர்கள். இந்த அளவுகோல் நம் எதிரியை அளக்க மட்டும் அல்ல, நம்மை அளக்கவும்தான்.

நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியது

"நாங்கள் அடுப்படியில் இருப்பவர்கள். எங்களால் என்ன ஆகும்?" என்று கேட்காதீர்கள்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் செய்தி வருகிறது. எங்கோ பதுங்கித் தாக்குதல், இத்தனை பேர் பலி என்கிறார்கள். பிள்ளை கையைத் தட்டி மகிழ்கிறானா? 1983இல் யாழ்ப்பாணத்திலும் மகிழ்ந்தவர்கள் உண்டு. 2002இல் நமது வீட்டுத் திண்ணைகளிலும் மகிழ்ந்தவர்கள் உண்டு. அவனை அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "மகனே, நாளைக்கு அந்தத் தெருவில் உள்ள உம்மாக்களுக்கு என்ன நடக்கும்?" அவன் யோசிப்பான். அது போதும்.

கடைக்குப் போகும்போது, "இவர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்று யாராவது ஒரு சமூகத்தைச் சொன்னால், தலையாட்டிவிட்டு வராதீர்கள். "எல்லோருமே" என்ற அந்தச் சொல்லில்தான் 1983ம் தொடங்கியது, 1990ம் தொடங்கியது. 2019 ஈஸ்டர் குண்டுகளுக்குப் பிறகு அதே சொல் நம்மை நோக்கி வந்ததையும், குற்றமே அறியாத நம்மவர் கடைகள் மினுவாங்கொடையில் எரிந்ததையும் மறந்துவிட்டோமா?

உங்கள் வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, அவர்கள் ஓடிய கதையையும் அவர்களுக்கு ஒளிய இடம் கொடுத்தவர்களின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். முதலாவதை மட்டும் சொன்னால் பகை வளரும். இரண்டாவதை மட்டும் சொன்னால் உண்மை மறையும். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

என்றாவது மன்னார் பஸ்ஸில் போக நேர்ந்தால், பூவரசங்குளத்தில் கொஞ்சம் வெளியே பாருங்கள். இந்த வீதியோர ஊர்களில் ஏதோ ஒரு காலத்தில் துரத்தப்பட்ட மனிதர்கள் பக்கத்துப் பக்கத்துக் குளங்களில் தண்ணீர் எடுத்து வயல் செய்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பூவரசம் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதுகிறார்கள். அந்தச் சத்தத்தைத் தவிர வேறெந்தச் சத்தமும் அந்தப் பிள்ளைகளின் காதில் விழாமல் இருக்க வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஜெனின் முகாமின் பிள்ளைகளும் தங்கள் சந்துக்குத் திரும்பி வந்து விளையாடும் நாளை அவன் தருவானாக!